ரிவர்ஸ் அண்ணன் மேற்குக் கடல் பார்க்கப் போன கதை

தமிழ்நாட்டில் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் அந்த ஊருக்குப் போய்ச் சேராத ஒரே மனிதர் எங்கள் மரக்காணத்து ரிவர்ஸ் அண்ணன்தான். பாதி வழி போவார். வானத்தைப் பார்ப்பார். எங்கோ ஒரு மூலையில் கைக்குட்டை அளவுக்கு ஒரு மேகம் தெரியும். "உப்பு நனைஞ்சிடும்ப்பா!" என்று கத்திக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவார். அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. பங்குச் சாமியாரே அதை மறந்துபோய், ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்றைய பூசையை ஒப்புக்கொடுப்பவர்கள் நம்ம ரிவர்ஸ் குடும்பத்தார்" என்று மைக்கில் சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. அண்ணனே கைகூப்பி நின்றார்.

அவருக்குத் தொழில் உப்பளம். தையில் பாத்தியைச் சீர் செய்து, கோடை முழுக்க வாரிய உப்பை வரப்போரம் வீட்டு உயரத்துக்கு அம்பாரமாகக் குவித்து, கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடி, நல்ல விலைக்காகக் காத்திருக்க வேண்டும். பெருமழை ஒன்று பிடித்து, மூடிய தார்ப்பாயும் பிய்த்துக்கொண்டால், உப்பு கரைந்து, வந்த கடலுக்கே போய்விடும். அதனால் எங்கள் ஊரில் மேகத்தை யாரும் ரசிக்க மாட்டார்கள். மற்ற உப்பளக்காரர்கள் மேகத்தைப் பார்த்தால் பயப்படுவார்கள், இவர் ஓடுவார். அதுதான் வித்தியாசம்.

ஓடுகிறவருக்கு வானம் பார்க்கவாவது தெரியுமா என்றால், அதுவும் கிடையாது. அவர் வரும் என்று சொன்ன மழை வந்ததாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. போனில் மழை சொல்லும் ஆப் போட்டுக் கொடுத்தேன். "அவன் எங்கியோ ஏசியில உக்காந்துகினு சொல்றான். நம்ம வானத்தப் பத்தி அவனுக்கு இன்னா தெரியும்?" என்றார். உமக்கு என்ன தெரியும் என்று கேட்க வாய் வரை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர், வயதில் பெரியவர் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்றே ஆரம்பித்துவிட்டாராம். கோயிலில் தாலி கட்டி முடித்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் காரில் ஏற்றி, மறுவீட்டுக்குத் திண்டிவனம் அனுப்பியிருக்கிறார்கள். பெருமுக்கல் தாண்டவில்லை, வானம் ஒரு பக்கம் கறுத்திருக்கிறது. மாலையும் கழுத்துமாக, "டேய், வண்டியத் திருப்பு!" என்று ஒரு கூச்சல். டிரைவர் திருப்பிவிட்டான். அங்கே திண்டிவனத்தில் ஆரத்தித் தட்டோடு பெண் வீட்டார் வாசலில் நிற்க, இங்கே மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு அம்பாரத்தின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். அது மேகமே இல்லை. கல் குவாரியில் வெடி வைத்த புழுதி.

அப்படி வந்து வாய்த்தவர்தான் பிலோமினா அக்கா. அந்த அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வேளாங்கண்ணிக்குக் கிளம்பியபோது, சிதம்பரத்தில் டீ குடிக்க இறங்கியவர் அப்படியே எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார். பஸ் கிளம்பும்போதுதான் அக்காவுக்கு ஆள் இல்லாதது தெரியும். "மாதாவே, உன்னப் பாக்க வந்த எடத்துல புருஷன வுட்டுட்டேனே" என்று அழுதுகொண்டே போய்ச் சேர்ந்து, போன் போட்டால், "இங்க ஒரு பொட்டு மழை இல்ல பிலோமி. நல்லா வேண்டிக்கினு வா" என்று சாவகாசமாகப் பதில். அந்த வருஷம் மாதாவிடம் அக்கா என்ன வேண்டிக்கொண்டார் என்பதை இன்றுவரை சொன்னதில்லை.

உச்சம் எது என்றால், ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலத்துப் பூசை. ஃபாதர் பிரசங்கத்தில் இருக்கிறார். வெளியே தடதடவென்று ஒரு இடி. ரிவர்ஸ் அண்ணன் எழுந்து ஓடினார். அவர் ஓடியதைப் பார்த்து, அளத்துக்காரர்கள் அத்தனை பேரும் ஓடினார்கள். ஆண்கள் பக்கம் காலி. வெளியே போய்ப் பார்த்தால், லாரியிலிருந்து ஒருத்தன் காலி டிரம்களை உருட்டி இறக்கிக்கொண்டிருக்கிறான். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆளாளுக்கு வழிந்துகொண்டு திரும்பி வந்தால், ஃபாதர் பிரசங்கத்தை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். அந்தக் கோபம் ஊருக்கே இருந்தது.

இப்படி முப்பது வருஷம். போன புரட்டாசியில் அவர்களுக்குக் கல்யாண நாள் பூசை. முடிந்ததும் ஃபாதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம் இல்லையா? "என்னம்மா பிலோமினா, முப்பது வருஷம் ஆச்சு, வீட்டுக்காரர்கிட்ட என்ன கேக்கப்போற?" என்றார். அக்கா அந்தக் கேள்விக்கே காத்திருந்த மாதிரி சொன்னார்.

"மேற்குக் கடலப் பாக்கணும் ஃபாதர். சூரியன் நம்ம கடல்ல ஏர்றத தெனம் பாக்கறேன். அது கடல்ல எறங்குறத ஒரு தடவ பாக்கணும். இவரு கூட்டிகினு போவணும். நடுவுல 'திருப்பு'ன்னு ஒரு வார்த்த இவரு வாயிலேர்ந்து வந்துச்சுன்னா, நான் அங்கியே எறங்கி, கோயம்புத்தூர்ல எம் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வரமாட்டேன். இவரு உப்போடவே குடும்பம் நடத்தட்டும்."

அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஃபாதர் மெதுவாகப் பீடத்துக்குப் பின்னாலிருந்த சக்ரீஸ்து அறைக்குள் போய்விட்டார். மறுநாள் அக்கா ஒரு பையில் துணிமணி எடுத்து வைத்துக் கட்டியதை அண்ணன் பார்த்திருக்கிறார். என் மெடிக்கல் ஷாப்புக்கு வந்து நின்றவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஏம்பா, அவ நெஜமாத்தான் சொல்றா. போயிட்டான்னா வரமாட்டா" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது எல்லாம் மேகத்துக்குத்தான். மனுஷிக்குப் பயந்தது அன்றைக்குத்தான்.

போவது என்று முடிவானது. ஆனால் லாட்ஜில் தங்க மாட்டாராம். "ரூமுக்குள்ள போட்டு அடைச்சா வானம் தெரியாதுப்பா." அதற்குக் கோட்டக்குப்பத்தில் ஒரு வழி கிடைத்தது. துபாயிலிருந்து திரும்பி வந்த ஒரு பாய், பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, சிங்க், குட்டி பாத்ரூம், கூரையில் கண்ணாடி ஜன்னல் எல்லாம் வைத்து, வாடகைக்கு விட நிறுத்தியிருந்தார். நிறுத்தியது நிறுத்தியபடி இருந்தது. "அண்ணே, இது வண்டி இல்ல, பங்களா. மாஷா அல்லா, பெரிய பெரிய ஷேக்குங்க இப்படித்தான் பாலைவனத்துக்குப் போவாங்க" என்றார். அக்கா பாத்ரூமைத் திறந்து பார்த்து, "அடுப்புக்குப் பக்கத்துலயா? சீ!" என்று மூடினார். பிறகு அதில் அரிசி, தேங்காய், கருவாட்டுப் பானை மூன்றும் குடியேறின.

வண்டியை மந்திரிக்க ஃபாதர் வந்தார். வாகனத்துக்கு ஒரு ஜெபம், புது வீட்டுக்கு வேறு ஜெபம். இது எது? ஃபாதர் கொஞ்ச நேரம் யோசித்து, வெளியே வாகனத்துக்கும் உள்ளே வீட்டுக்குமாக இரண்டையும் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அளத்தில் வேலை செய்யும் பெண்கள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வீடு என்று ஆகிவிட்டதால் அக்கா உள்ளே பால் காய்ச்சினார். பால் காய்ச்சியதைக் கேள்விப்பட்டுத் தெருவே புதுமனை புகுவிழாவுக்கு வருகிற மாதிரி ஆளுக்கொரு சுவர்க்கடிகாரத்தோடு வந்துவிட்டது. வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். நாங்கள் கிளம்பும்போது அந்த வண்டிக்குள் ஒரு கடிகாரக் கடையே ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று காட்டிய நேரத்தை இன்னொன்று காட்டவில்லை.

நாங்கள் என்றேனே, நான் எங்கே வந்தேன்? ஸ்டியரிங் அண்ணன் கையில் இருக்கக் கூடாது என்பது அக்காவின் இன்னொரு கண்டிஷன். "தம்பி, நீதான் ஓட்டணும். நான் சொன்னா மட்டும்தான் நிறுத்தணும்" என்றார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஐப்பசி பிறந்ததும் கிளம்பினேன். அளத்தில் அந்த வருஷத்து வேலை முடிந்து, பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர். விற்காத கடைசி அம்பாரம் ஒன்றுதான் பாக்கி. அதற்குக் காவலாக ஏழுமலை என்பவரை வைத்து, மூட வேண்டியதை எல்லாம் மூடி, அதற்கு மேலும் மூடிவிட்டு அண்ணன் வண்டியில் ஏறினார். கைக்கு ஒன்று இருக்கட்டும் என்று ஒரு தார்ப்பாயை வண்டியின் கூரையிலும் கட்டிக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டுமே" என்றார்.

பெருமுக்கல் தாண்டியபோது அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். திண்டிவனம் தாண்டியதும் ஜன்னலோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தட்டையான உப்புக் காட்டையே பார்த்துப் பழகிய கண். செஞ்சி வந்ததும், "யாரு தம்பி இவ்ளோ கல்லயும் கொண்டாந்து அடுக்கி வெச்சது?" என்றார். மலை மலையாக உருண்டைக் கல். அதற்கப்புறம் செம்மண், கடலைக் காடு, ஏரி, கரும்பு என்று ஒவ்வொன்றாக வர வர, குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது காக்காவைக் காட்டுவார்களே, அதுபோல எனக்கு ஒவ்வொன்றையும் காட்டிக்கொண்டே வந்தார். அண்ணன் மட்டும் கட்டிலில் மல்லாக்கப் படுத்து, கூரைக் கண்ணாடி வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டைப் பிடிப்பதற்குப் பதிலாக நான் போளூர் ரோட்டைப் பிடித்துவிட்டேன். அண்ணனுக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? திருப்பு என்று சொல்ல முடியாதே! கண்ணாடியில் பார்க்கிறேன், மனிதர் நெளிகிறார். தொண்டையைச் செருமுகிறார். "ஏம்பா, அந்தக் கைகாட்டியில இன்னா எழுதியிருந்துச்சு?" என்கிறார். "நான் பாக்கலண்ணே." "பாத்துகினு ஓட்டுப்பா." போளூரே வந்துவிட்டது. அக்கா ஒரு இளநீர்க் கடையில் விசாரித்துவிட்டு, "ஏங்க, வழி தப்பினது உங்களுக்குத் தெரியுமா?" என்றார். "தெரியும்." "ஏன் சொல்லல?" அண்ணன் கையிலிருந்த இளநீரை உறிஞ்சினார். அக்காதான் திருப்பச் சொன்னார். அன்றைக்கு அவர் தட்டில் மட்டும் கருவாடு ஒரு துண்டு கூடுதலாக விழுந்ததை நான் பார்த்தேன்.

சேலத்துக்கு முன்னால்தான் வினை. ரோட்டோரம் ஜவ்வரிசி ஆலை. பரந்த சிமெண்டுக் களத்தில் வெள்ளை வெளேர் என்று ஜவ்வரிசி காய்கிறது, அங்கங்கே குவியல். ஆட்கள் ஒருவரையும் காணோம், டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். மேலே ஒரு கறுத்த மேகம். "நிறுத்து!" என்று ஒரு அலறல். நான் பிரேக் அடித்ததும் அடுப்பிலிருந்த குழம்பு சிங்க்கில், கடிகாரங்கள் எல்லாம் கட்டிலில். அண்ணன் அதற்குள் கூரையில் ஏறித் தார்ப்பாயை அவிழ்த்து, களத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார். "மழை வர்து! மூடுங்கடா! அறிவு கெட்டவனுங்களா, மூடுங்கடா!"

ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தங்கள் சரக்கைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள்? இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி வந்தார். "யாருய்யா நீ?" அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே, "மரக்காணம்!" என்றார். அதிலேயே எல்லாம் விளங்கிவிடும் என்ற மாதிரி. "மரக்காணமா இருந்தா? காயப் போட்ட சரக்குல செருப்புக் காலோட மிதிச்சிருக்க, பாரு!" நான் போய் உப்பு, மேகம், அம்பாரம் என்று ஆதியோடந்தமாக விளக்கினேன். அவர் மேலே பார்த்தார். மேகம் எங்களைத் தாண்டி எங்கேயோ போய்விட்டிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. "காஞ்சிக்கிட்டிருந்தத மூடி வெச்சதுக்கு உன்ன என்ன பண்றது?" என்றவர், அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்து, இரண்டு கிலோ ஜவ்வரிசி கொடுத்து அனுப்பினார்.

வண்டியில் ஏறியதும் நான் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, இது கணக்குல சேருமா?"

அக்கா சிந்திய குழம்பைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "வண்டி திரும்பலியே தம்பி. ஆளுதான் ஓடுச்சு. போ."

கோயம்புத்தூரில் பொண்ணு வீட்டில் ஒரு வேளை சாப்பாடு. "அம்மாவ விட்டுட்டுப் போகமாட்டீங்களே?" என்று அந்தப் பெண் அப்பாவின் காதில் கேட்டது எனக்கும் கேட்டது. அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய். இரண்டு பக்கமும் மலை ஒதுங்கி நின்று வழிவிட, காற்று வண்டியை ஆட்டியது. அப்புறம் எங்கே பார்த்தாலும் பச்சை. பாலக்காடு ஊருக்குள் நுழையும்போது அண்ணனின் போன் அடித்தது. ஏழுமலை. அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"அண்ணே, மழை பேய் மாதிரி ஊத்துதுண்ணே! காத்துல ஒரு பக்கத் தார்ப்பாய் பிச்சிகினு போயிடுச்சு. உப்பு கரையிது. வந்துடுங்கண்ணே!"

வாழ்நாளில் முதல் தடவையாக அண்ணன் பயந்த மழை நிஜமாகவே வந்துவிட்டது. நான் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். எதிரே பஸ் ஸ்டாண்ட். கோயம்புத்தூர் போர்டு போட்ட பஸ் நிற்கிறது. அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வருஷத்து உழைப்பில் மிச்சமிருந்தது அங்கே கரைகிறது. இங்கே முப்பது வருஷத்துப் பெண்டாட்டி பையோடு உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் போனைப் பார்க்கிறார், பையைப் பார்க்கிறார். வாய் திறக்கிறது, மூடுகிறது.

"ஏழுமல," என்றார் கடைசியாக. "நான் வந்தா மழை நின்னுடுமா?"

"நிக்காதுண்ணே."

"அப்புறம் நான் இன்னாத்துக்குடா? ரெண்டு ஆளக் கூப்ட்டுகினு முடிஞ்சத மூடு. முடியலன்னா வுட்டுடு."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். "இந்த ஒரு கேள்வியத்தான்யா முப்பது வருஷமா நான் உன்னக் கேக்கறேன்! நீ போனா மழை நிக்குமா, நீ போனா மழை நிக்குமான்னு!" சிரித்தபடியே அழுதார். அழுதபடியே பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அண்ணன், "வண்டிய எடுப்பா. இங்க நிறுத்தினா போலீஸ்காரன் வருவான்" என்றார். எனக்கு ஸ்டியரிங் சரியாகத் தெரியவில்லை. கண்ணில் ஏதோ தூசி என்றேன், இருவரும் நம்பவில்லை.

பொன்னானிப் பக்கம் ஒரு கடற்கரையில் போய் நின்றோம். தென்னை மரமும், கறுப்பு வெள்ளையாகக் காக்கையும் கொக்கும், படகும். எல்லாம் இருந்தது, சூரியன் மட்டும் இல்லை. மேற்கே அடிவானம் முழுக்க மேகம் பாய் விரித்துப் படுத்திருந்தது. சாயங்காலம் அப்படியே மங்கி இருட்டியது. அக்கா, "பரவால்ல, வுடுங்க. வந்ததே போதும். நாளைக்குக் காலையில கெளம்பலாம்" என்றார். ரிவர்ஸ் அண்ணன், மேகத்தைக் கண்டால் ஊர் விட்டு ஊர் ஓடும் அதே மனிதர், மணலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "மேகம்னா கலையும் பிலோமி. இருந்து பாத்துட்டுதான் போறோம்" என்றார்.

எனக்குக் கடையைத் திறந்தே ஆக வேண்டும். தம்பிக்குப் பரீட்சை. நான் என்ன செய்வது என்று கேட்டால், அக்கா என்னிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கி அண்ணன் கையில் கொடுத்தார். "இனிமே அவரே ஓட்டட்டும். நீ ரயில்ல போ தம்பி" என்றார். காரியம் முடிந்ததும் கறிவேப்பிலையாகத் தூக்கி எறிந்துவிட்டார்கள். புலம்பிக்கொண்டே ரயில் ஏறினேன். வழிக்கு ஜவ்வரிசிப் பாயசம் கட்டிக் கொடுத்தார்கள், அது தனி.

மரக்காணத்தில் வந்து இறங்கினால், மழை விட்ட பாடில்லை. கடைக்குப் போகும் வழியில் அளத்துப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அம்பாரத்தில் ஒரு பக்கம் இடிந்து வழிந்திருந்தது. ஏழுமலை ஒற்றை ஆளாகத் தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்ட ஆட்கள் வரவில்லையாம், அவரவர் அம்பாரம் அவரவர்க்கு. உப்பளத்தில் இதற்கு முன் நான் கால் வைத்தது கிடையாது. மாத்திரை அட்டையை எண்ணிக் கொடுக்கிற கை இது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். அன்றைக்கும் கடை திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம். அம்பாரத்தின் மேல் குப்புறப் படுத்து, காற்றில் எழும்பும் தார்ப்பாயை நெஞ்சால் அமுக்கிக்கொண்டு, ஒரு கையில் கயிறு. மழை முதுகில் சாத்துகிறது. சட்டைப் பையில், பிளாஸ்டிக் கவருக்குள் போன் அடித்தது. எடுத்தேன்.

"தம்பி! எறங்குது தம்பி! பாதி கடலுக்குள்ள போயிடுச்சு! ஐயோ, எவ்ளோ பெருசு!" அக்காவின் குரல், பின்னால் அலைச் சத்தம். பிறகு போன் கை மாறியது.

"ஏம்பா, வானம் அப்படியே தொடைச்சு வெச்ச மாதிரி இருக்குது," என்றார் அண்ணன். அடுத்த மூச்சிலேயே, "அங்க எப்படி இருக்குது?" என்றார்.

"இங்கயும் அப்படித்தாண்ணே. ஒரு தூறல்கூட இல்ல."

"இன்னாமோ சத்தம் கேக்குதே?"

"வீட்ல கருவாடு பொரிக்கறாங்கண்ணே. நீங்க இந்தப் பக்கத்தையே நெனச்சுகினு இருக்காதீங்க. முழுசா எறங்குற வரைக்கும் இருந்து பாருங்க."

"சரிப்பா," என்றார். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கயிற்றை இன்னும் ஒரு சுற்று கையில் சுற்றிக்கொண்டேன்.